ரங்கா நாலு

அவர் என் காதில் விழும்படி முதன்முதலாகச் சொன்ன வார்த்தை "தீ". ஆபீஸ் வாசலில் நின்று எல்லோருக்கும் பொதுவாகத்தான் கத்தினார். நான் வேலைக்குச் சேர்ந்து அன்று மூன்றாம் நாள். டைப்ரைட்டரில் தாளைச் செருகிக்கொண்டிருந்தவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்னால் ஹெட்கிளார்க் தன் டிபன் காரியரை மார்போடு அணைத்தபடி ஓடிக்கொண்டிருந்தார். தபால் பார்க்கிறவர் ஒற்றைச் செருப்போடு வந்தார். வராந்தாவில் வரிசையாகத் தொங்கிய சிவப்பு மணல் வாளிகளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முற்றத்தில் நாங்கள் மூச்சு வாங்கி நிற்க, கத்தின மனிதர், காக்கிச் சட்டையும் தோளில் துண்டுமாக, சாவகாசமாக அந்த வாளிகளைக் கழற்றி ஒவ்வொன்றாகத் தரையில் கவிழ்த்தார். முதல் வாளியில் மணலைவிடப் பீடித்துண்டு அதிகம். இரண்டாவதில் ஹெட்கிளார்க் ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த சுண்ணாம்பு டப்பா. மூன்றாவதைத் தூக்கினார், பிடியும் பக்கமும் கையோடு வந்தன, அடிப்பாகம் மணலோடு கீழே விழுந்தது.

"எங்கய்யா தீ?" என்றார் ஹெட்கிளார்க்.

"இன்னும் வரலீங்க. வந்தா என்ன நடக்கும்னு பாத்துக்கிட்டேன்" என்றார் அவர். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, காதில் செருகியிருந்த பென்சிலால் ஏதோ எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, "புதுசாம்மா? பரவால்ல, நல்லா ஓடுறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அவர்தான் எங்கள் பாக்டரியின் பாய்லர்காரர். பெயரைச் சொல்லப்போவதில்லை. பெயர் என்பது டப்பா மேல் ஒட்டின லேபிள், உள்ளே இருக்கிறது அரிசியா உப்பா என்று மூடியைத் திறந்துதான் பார்க்கவேண்டும் என்பது அவர் கட்சி. மனிதர் ஐம்பதைத் தாண்டியவர். சொந்த ஊர் ஜீயபுரம். பல வருஷம் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, எடமலைப்பட்டி புதூரைத் தாண்டி மதுரை ரோட்டில் இருந்த எங்கள் துணிச் சாயப் பாக்டரிக்கு வந்து சேர்ந்திருந்தார். வீடு என்னைப் போலவே ஸ்ரீரங்கத்தில். அதனால் பஸ்ஸிலும் அவரிடமிருந்து எனக்குத் தப்பிக்க வழியில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. விறகு போட்டு எரித்த பழைய பாய்லரை முதலாளி தூக்கிவிட்டு, எண்ணெயில் எரிகிற பாய்லர் ஒன்றைச் சீமையிலிருந்து வரவழைத்திருந்தார். அதன் பர்னர் எண்ணெயைப் பனிமாதிரி பீய்ச்சும். பீய்ச்சின எண்ணெய் குபுகுபுவென்று எரியும். பாய்லர் அறைக்கும் என் நாற்காலிக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு செங்கல் சுவர். அதில் என் முதுகு நாள் முழுக்கச் சூடேறும்.

பர்னருக்குப் பக்கத்தில் ஒரு குழாய். குழாய்க்குள் ஒரு கண்ணாடிக் கண். இரவு பகலாக நெருப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அதற்கு வேலை. நெருப்பு அணைந்துபோனால், கண் சுவரில் இருக்கிற பெட்டிக்குச் சொல்லும், பெட்டி நாலு விநாடிக்குள் எண்ணெயை அடைத்துவிடும். அடைக்காவிட்டால்? நான் இப்படித்தான் ஒருநாள் அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"நெருப்பு இல்ல, எண்ணெய் மட்டும் கொட்டிக்கிட்டே இருக்கு. உள்ள செங்கல்லு பழுக்கக் காஞ்சிருக்கு. எண்ணெய் ஆவியாயி ரொம்பி நிக்கும். எங்கேயாவது ஒரு பொறி. அவ்வளவுதான், நம்ம கூரை பொன்மலைக்குப் போயி வேலைக்குச் சேந்துடும்" என்றார்.

"நான்?"

"நீங்க கூரைக்கு முன்னாடியே போயிடுவீங்க. சுவத்தை ஒட்டி உக்காந்திருக்கீங்கல்ல."

இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று முழுக்க எனக்கு டைப்பில் தப்பு விழுந்தது.

ஒரு பொருள் பத்திரமானது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கை அரிக்கும். அதை ஒருமுறை கெடுத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். ஸ்டூலை ஆட்டிப் பார்த்துத்தான் உட்காருவார். யாராவது குடைக்குள் கூப்பிட்டால் முதலில் குடைக் கம்பியைத் தட்டிப் பார்ப்பார். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறிய பத்தாவது நிமிஷம், காவிரிப் பாலம் வருவதற்கு முன்னால், எழுந்து மணிக் கயிற்றை இழுப்பார். பஸ் நிற்கும். ஒருவரும் இறங்கமாட்டார்கள்.

"யாருங்க எறங்கணும்?" என்பார் கண்டக்டர்.

"யாரும் எறங்கல தம்பி. மணி அடிச்சா நிக்குதான்னு பாத்தேன். நிக்குது. போகலாம்."

கண்டக்டர் முதலில் திட்டினார், பிறகு கெஞ்சினார், அப்புறம் கயிற்றை அவர் கைக்கு எட்டாதபடி உயர்த்திக் கட்டினார். மறுநாள் இவர் என் குடையைக் கேட்டு வாங்கி அதன் வளைந்த பிடியால் கயிற்றை இழுத்தார். பஸ்ஸே என்னைப் பார்த்தது. குடை என்னுடையது இல்லை என்கிற பாவனையில் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்திரைத் தேருக்கு ஊரே வடம் பிடிக்க முண்டியடிக்கும். இவர் வடத்தைத் தொடமாட்டார். தேர்ச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டுத் தேரை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் பின்னாலேயே போவார். வேர்க்க விறுவிறுக்க ஓடுகிற அவர்களுக்கு நீர்மோர் கொடுப்பார். "இழுக்கறதுக்கு ஆயிரம் பேர் இருக்கான். நிறுத்தறதுக்கு நாலே பேரு. பெருமாள் எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருந்தாலும் அவரு மனசு இந்த நாலு பேரு கையிலதான்" என்பார். முட்டுக்கட்டை போடுகிற ஒருவரிடம் கட்டையைக் கேட்டு வாங்கித் தட்டிப் பார்த்து, "இதுல வெடிப்பு இருக்குங்க, மாத்துங்க" என்று சொல்லி, அந்தப் பரபரப்பில் அடிவாங்கப் பார்த்ததும் உண்டு.

அவருடைய மனைவி சாதுவான பெண்மணி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை வீட்டுக்குப் போனபோது அந்த எண்ணமும் போயிற்று. "பொண்ணு பாக்க வந்தப்ப நான் காபியில உப்பைப் போட்டுக் குடுத்தேன்மா. முகம் சுளிக்காம குடிச்சுட்டு, 'நல்லா இருக்கு'ன்னாரு. சரி, இவரு தாங்குவாருன்னு சம்மதிச்சேன்" என்றார் அந்த அம்மாள். அவர் திகைத்து மனைவியைப் பார்த்தார். முப்பது வருஷமாக அது கை தவறிப் போட்ட உப்பு என்று நம்பிக்கொண்டிருந்தாராம்.

காலையில் முதல் ஷிப்டு நீராவி கேட்பதற்கு முன் அவருடைய திருவிளையாடல் நடக்கும். பாய்லரை எரியவிட்டு, குழாயிலிருந்து கண்ணை உருவி உள்ளங்கையில் பொத்திக்கொள்வார். நெருப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாது. உடனே எண்ண ஆரம்பிப்பார். அவரிடம் கைக்கடிகாரம் கிடையாது. "ரங்கா ஒண்ணு, ரங்கா ரெண்டு, ரங்கா மூணு" என்று நிதானமாகச் சொல்வார். அவர் வாயில் ஒரு ரங்கா ஒரு விநாடி. ரங்கா நாலுக்குள் பெட்டி டக்கென்று சத்தம் போட்டு எண்ணெயை அடைத்து பர்னரை நிறுத்தவேண்டும். நிறுத்தும். பிறகு விசிறி உள்ளே இருக்கிற புகையையெல்லாம் ஊதித் தள்ளின பின்னால் மறுபடி பற்றவைப்பார். அடுத்து தண்ணீரைக் குறைத்து ஒருமுறை, காற்றை அடைத்து ஒருமுறை, நீராவியின் அழுத்தத்தை ஏற்றி ஒருமுறை. ஆகமொத்தம் நாலு முறை கெடுப்பார், நாலு முறை பாய்லர் நிற்கும். அதன்பிறகுதான் அவர் முகத்தில் ஒரு திருப்தி வரும். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அந்த ரங்காக்கள் துல்லியமாகக் கேட்கும். பக்கத்து வீட்டுக் கிளி ரங்கா ரங்கா என்கிறது என்று சொல்வதுபோல, ஹெட்கிளார்க் "உங்க கிளி கத்தியாச்சா?" என்று என்னைக் கேட்பார்.

நோட்டில் எழுதுவது இவ்வளவுதான்: "கண்ணைப் பொத்தினேன். ரங்கா நாலு. நின்றது. சரி." மாதம் முடிந்ததும் அந்தக் கிறுக்கலை நான் மூன்று பிரதி டைப் அடிக்கவேண்டும். ரங்காவை எடுத்துவிட்டு 'விநாடி' என்று அடிக்கிறேனே என்று ஒருமுறை கேட்டேன். "நான் விநாடியைப் பாக்கலம்மா. ரங்காவைத்தான் எண்ணினேன். பாக்காததை எப்படி எழுதறது?" என்றார். மூன்று பிரதியிலும் ரங்கா நாலு என்றே போயிற்று.

பெட்டியின் முகப்பில் ஒரு திருகு உண்டு. அந்த நாலு விநாடியைக் கூட்டவும் குறைக்கவும் அதைத் திருகினால் போதும். ஒருநாள் அவர் என் மேஜைக்கு வந்து, டிராயரில் நான் வைத்திருந்த நெற்றிச் சாந்துப் புட்டியைக் கேட்டார்.

"வீட்டுல கேக்கச் சொன்னாங்களா?"

"பெட்டிக்கும்மா."

ஈர்க்குச்சியில் சாந்தைத் தொட்டு, திருகின் தலையில் தொடங்கித் தகட்டின் மேல் முடிகிற மாதிரி ஒரே கோடாக இழுத்தார். யாராவது திருகைத் தொட்டால் கோடு முறிந்து இரண்டாகிவிடும். "இப்ப நம்ம பெட்டி உங்க சாந்தை இட்டுக்கிட்டிருக்கு. ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி" என்றார். நான் புட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கோட்டை ஒரு பார்வை பார்க்கிற வழக்கம் எனக்கே தெரியாமல் ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் புது மானேஜர் வந்தார். பம்பாயில் படித்தவர், சுறுசுறுப்பானவர், கெட்டவர் என்று சொல்லமாட்டேன். காலையில் கால் மணி அரை மணி பாய்லரை நிறுத்தி நிறுத்திப் பற்றவைப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. போதாக்குறைக்கு அந்தச் சமயம் வந்த எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது. நெருப்பு நடுநடுவே கண் சிமிட்டும், உடனே பாய்லர் நின்றுபோகும். சாயத் தொட்டியில் துணி பாதி நிறத்தில் நிற்கும்.

"அந்தக் கண்ணைக் கொஞ்சம் பொறுமையா இருக்கச் சொல்லக்கூடாதா?" என்றார் மானேஜர்.

"எண்ணெயை மாத்துங்க சார். கண்ணு உள்ளதைத்தான் சொல்லுது."

இப்படி நாலைந்து தடவை ஆனதும் மானேஜர் அவருடைய நோட்டுகளை வாங்கிப் புரட்டினார். புரட்டினவருக்குப் புதையல் கிடைத்த சந்தோஷம். ஓராண்டில் எத்தனை முறை பாய்லர் வேண்டுமென்றே நிறுத்தப்பட்டது என்று என்னை உட்காரவைத்து எண்ணச் சொன்னார். எண்ணினேன். ஆயிரத்து இருநூற்று நாற்பத்தெட்டு. தன் கையெழுத்திலேயே ஒரு மனிதர் ஆயிரத்துச் சொச்சம் நாசவேலைக்கு ஒப்புதல் எழுதி வைத்திருந்தால் எந்த மானேஜர் விடுவார்? குற்றப் பத்திரிகையை நான்தான் டைப் அடித்தேன். விசாரணை முடியும்வரை வேலை நீக்கம். விசாரணையில் தோற்றால் ஒரேயடியாக வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

கடிதத்தை வாங்கிக்கொண்டபோது, "கார்பன் நல்லா விழுந்திருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். ஐம்பத்து நாலு வயதில் வேறெங்கும் அவரை வேலைக்கு எடுக்கமாட்டார்கள். கல்யாணத்துக்கு ஒரு பெண் வேறு இருந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். அன்று பஸ்ஸில் அவர் மணிக் கயிற்றை இழுக்கவில்லை. கண்டக்டரே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மூன்று வாரம் சுவருக்குப் பின்னால் ரங்கா கேட்கவில்லை. ஷிப்டு ஆட்கள் பாய்லரைப் பார்த்துக்கொண்டார்கள். காலையில் என் முதுகு மட்டும் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளியே உட்கார்ந்தது.

இடையில் ஆயுத பூஜை வந்தது. பாக்டரி முழுக்கக் கழுவி, டைப்ரைட்டரிலிருந்து கை வண்டி வரை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கவேண்டும். பொட்டு வைக்கிற வேலை எப்போதும் என் தலையில்தான். எனக்குக் கை வட்டம் நன்றாக வரும். பாய்லர் அறைக்குக் கிண்ணங்களோடு போனேன். பாய்லருக்கு வைத்தேன், பம்புக்கு வைத்தேன், பெட்டிக்கு வந்தேன். திருகின் மேல் என் சாந்துக் கோடு இரண்டாக முறிந்து, ஒரு பாதி இந்தப் பக்கமும் ஒரு பாதி அந்தப் பக்கமுமாக அவலட்சணமாக இருந்தது.

அந்தக் கோடு எதற்கு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன செய்தேன்? பின்னால் முதலாளி வந்து நிற்கிறார், தேங்காய் உடைக்கிற நேரம், பூஜையன்று பெட்டி இப்படி அலங்கோலமாக இருந்தால் நன்றாகவா இருக்கும்? கட்டைவிரலால் நல்ல பெரிய சந்தனப் பொட்டாக அதன் மேலேயே அப்பி, நடுவில் குங்குமம் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன். பொட்டு பார்க்க அழகாக இருந்தது.

பூஜை முடிந்த மூன்றாம் நாள் விசாரணை. முதலாளியே வந்து உட்கார்ந்தார். பெரிய கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்துப் பெரிய மனிதரானவர். மானேஜர் குற்றப் பத்திரிகையைப் படித்தார். நான் ஒரு மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேங்க. ஆனா எண்ணிக்கை தப்பு. நாலு நாளை டைப்பிஸ்ட் அம்மா விட்டுட்டாங்க. இன்னொரு பதினாறு சேத்துக்குங்க."

அதையும் நானேதான் குறித்துக்கொண்டேன்.

"ஏன்யா நிறுத்தினே?" என்றார் முதலாளி.

"நிக்குதான்னு பாக்கத்தாங்க."

"நின்னுச்சா?"

"ஒவ்வொரு தடவையும்."

"அப்ப ஒருநாள் பாத்தா போதாதா? தெனம் எதுக்கு?"

"ராத்திரி கடையைப் பூட்டினதும் பூட்டை இழுத்துப் பாப்பீங்கல்ல முதலாளி?"

"பாப்பேன்."

"நேத்தும் இழுத்தீங்க. இன்னிக்கு ஏன் இழுக்கறீங்க?"

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மானேஜர் விடவில்லை. "பூட்டை இழுத்தா வியாபாரம் நிக்காது. இவர் பாய்லரை நிறுத்தினா பாக்டரியே நிக்குது. இவர் இல்லாத இந்த மூணு வாரமா பாருங்க, பாய்லர் ஒரு தடவைகூட நிக்கல!" என்றார்.

பாய்லர்காரர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட."

"எண்ணெய் மாத்தினீங்களா?"

"அதே எண்ணெய்தான்."

யாரையும் கேட்காமல் எழுந்துவிட்டார். "முதலாளி, என்னை வீட்டுக்கு அனுப்பறதுன்னா சாயங்காலம் அனுப்புங்க. இப்ப என்கூட வாங்க" என்று சொல்லிவிட்டு பாய்லர் அறைக்கு நடந்தார். முதலாளி போனார், மானேஜர் போனார், ஹெட்கிளார்க்கும் நானும் போனோம்.

பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குழாயிலிருந்து கண்ணை உருவி உள்ளங்கையில் பொத்தினார்.

"ரங்கா ஒண்ணு. ரங்கா ரெண்டு. ரங்கா மூணு. ரங்கா நாலு."

பெட்டி சத்தமே போடவில்லை. பர்னர் அதுபாட்டுக்கு எரிந்தது.

"ரங்கா எட்டு. ரங்கா ஒம்பது."

"பாத்தீங்களா முதலாளி? அசையவே இல்ல!" என்றார் மானேஜர் பெருமையாக. முதலாளியும் தலையை ஆட்டினார்.

"முதலாளி, கண்ணு பொத்தியிருக்கு. உள்ள நெருப்பு இருக்கா இல்லையான்னு இதுக்குத் தெரியாது. ரங்கா பதினெட்டு. நெருப்பு அணைஞ்சுபோச்சுன்னு வெச்சுக்குங்க. ரங்கா இருபது. எண்ணெய் கொட்டிக்கிட்டே இருக்கு. ரங்கா இருபத்தொண்ணு. செங்கல்லு செவசெவன்னு இருக்கு. ரங்கா இருபத்திரெண்டு."

முதலாளி ஓரடி பின்னால் வைத்தார். அடுத்த ரங்காவுக்கு இன்னோரடி. ரங்கா முப்பதில் அவர் வாசற்படியில் இருந்தார், நாற்பதில் முற்றத்தில் இருந்தார். ஹெட்கிளார்க் எப்போது போனார் என்று யாரும் பார்க்கவில்லை, ஆனால் டிபன் காரியரோடுதான் போயிருந்தார். மானேஜர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. ரங்கா அறுபதில் பாய்லர்காரர் பொத்தின கையை எடுக்காமலே, இன்னொரு கையால் எண்ணெய்க் குழாயைத் திருகி அடைத்தார்.

பர்னர் அணைந்தது. துண்டு நுனியை நனைத்துப் பெட்டியின் மேலிருந்த சந்தனப் பொட்டைத் துடைத்தார். கீழே கோடு இரண்டாக முறிந்திருந்தது. திருகு கடைசி எல்லைவரை திருப்பப்பட்டிருந்தது.

"திருப்பச் சொன்னது நான்தான். சும்மா சும்மா நிக்குதேன்னு எலெக்ட்ரீஷியனை விட்டுத் திருப்பச் சொன்னேன்" என்றார் மானேஜர் மெல்ல. அதைச் சொல்ல அவருக்கும் தைரியம் வேண்டியிருந்தது.

"அது சரிங்க. இந்தக் கோடு முறிஞ்சிருந்தது யார் கண்ணுல பட்டாலும் எனக்குச் சொல்லி அனுப்பியிருப்பாங்க. மேல பொட்டு வெச்சு மூடினது யாரு?"

வாசலில் ஷிப்டு ஆட்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பூஜையன்று வேறு எவராவது அந்தக் கிண்ணத்தைத் தொட்டிருக்கலாம் என்று சொல்ல இடமிருந்தது. பக்கவாதத்தில் படுத்திருந்த அப்பாவும், பள்ளிக்கூடத்தில் இருந்த தங்கைகள் இரண்டு பேரும், முற்றத்தில் நின்று எட்டிப் பார்த்த முதலாளியும் எனக்கு ஒரே சமயத்தில் தெரிந்தார்கள். உடனே, "நான்தான் சார்" என்றேன்.

அவர் தலையை அசைத்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

முதலாளி குற்றப் பத்திரிகையின் மூன்று பிரதிகளையும் கேட்டு வாங்கிக் கிழித்தார். எண்ணெய் கொண்டுவந்த லாரிக்காரர் மறுநாளே மாற்றப்பட்டார். மானேஜரை முதலாளி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய மேஜையை மட்டும் என் மேஜைக்குப் பக்கத்தில், பாய்லர் சுவரை ஒட்டிப் போடச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து காலையில் வந்ததும் மானேஜர் முதலில் கேட்பது, "ரங்கா ஆச்சா?" ஒருநாள் சத்தம் வரத் தாமதமானபோது, அவரே எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

விசாரணை நடந்த அன்று சாயங்காலம் பஸ்ஸில் பாய்லர்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "கோடு முறிஞ்சிருந்ததைப் பாத்தேன் சார். பாத்துட்டுத்தான் பொட்டு வெச்சேன்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கூரையோடு சேர்ந்து பறந்திருக்கக்கூடிய அத்தனை பேரையும் நினைத்து வந்த அழுகை. அவர் வேலையும் என் கட்டைவிரலுக்கு அடியில் மூன்று நாள் கிடந்ததே என்று நினைத்தும் வந்தது. அவர் மீது எனக்கு இருந்தது வெறும் எரிச்சல் இல்லை என்று அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது.

"பொட்டு நல்லா வட்டமா இருந்துச்சும்மா" என்றார். பிறகு என் குடையை வாங்கி, எழுந்து, மணிக் கயிற்றை இழுத்தார். பஸ் நின்றது. கண்டக்டர் திரும்பி, யார் என்று பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே விசில் கொடுத்தார்.

மாதக் கடைசியில் வழக்கம்போல நோட்டு என் மேஜைக்கு வந்தது. அவருடைய கிறுக்கலை ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தேன். மூன்று வாரம் வெறும் பக்கம். பிறகு விசாரணை நடந்த நாள். இப்படி எழுதியிருந்தார்:

"கண்ணைப் பொத்தினேன். ரங்கா அறுபது. நிற்கவில்லை. கையால் அடைத்தேன். பொட்டு வைத்தது யார் என்று கேட்டேன். ரங்கா நாலு. பதில் வந்தது. சரி."

மூன்று பிரதியிலும் ஓர் எழுத்து மாற்றாமல் அடித்தேன். அதுவரை நான் உடனே சொல்லிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.